‘மணி’ என்னும் சொல்லின் பொருள்வரலாறு: காவிரிப் படுகைச் சான்றுகளும் சிற்றிலக்கியப் பெயர்களும்

ஆய்வுச் சுருக்கம்

‘மணி’ என்னும் சொல்லை இரத்தினம் என்னும் பொருளிலிருந்து தொடங்கி விளக்குவது அகராதி மரபு. இவ்வரிசை கதிரில் விளையும் நெல்லையும் கயிற்றில் கோக்கும் பாசியையும் உவமை வழக்குகளாகக் கீழிறக்குகிறது. சிற்றிலக்கியப் பெயர்களின் பொருளையும் மங்கச் செய்கிறது. ‘மணி’யின் பல பொருள்களுக்கு அடிப்படை, ‘வரிசையுள் ஒன்றாக நிற்கும் சிறு முழுப்பொருள்’ என்னும் கருத்தே என்பதை இக்கட்டுரை காவிரிப் படுகையின் வேளாண் வழக்கு, தஞ்சைக் கல்வெட்டு, பாட்டியல் மரபு ஆகியவற்றின் துணையோடு நிறுவ முயல்கிறது. இக்கருத்து பொருந்தாத இடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மணி, கோவை, நெல்மணி, குன்றிமணி, மும்மணிக்கோவை, மணிப்பிரவாளம், அகராதியியல்

முன்னுரை

தமிழில் ‘மணி’ என்னும் ஒரே சொல் கழுத்தணியில் கோக்கும் சிறு உருண்டையையும், விலையுயர்ந்த கல்லையும், கதிரில் விளைந்த தானியத்தையும், கண்ணின் பாவையையும், ஒலிக்கும் கருவியையும், அக்கருவி உணர்த்தும் நேரத்தையும் குறிக்கிறது. இவற்றுள் எது முதற்பொருள், எவை வழிப்பொருள்கள் என்னும் வினா அகராதி தொகுப்போர்க்கு மட்டும் உரியதன்று. மும்மணிக்கோவை, நான்மணிமாலை, மணிப்பிரவாளம் ஆகிய இலக்கியக் கலைச்சொற்களுக்குக் கொள்ளும் பொருளும் இவ்வினாவுக்குத் தரும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இச்சொல்லை வடமொழிவழி வந்ததாகக் காட்டி, இரத்தினம் என்னும் பொருளுக்கு முதன்மை தருகிறது. மணிகளை ஒன்பதாக எண்ணும் நவமணி மரபும் இப்பொருளுக்கு வலுச் சேர்த்துள்ளது. இதைக் கருவூலத்தில் நின்று தொகுத்த வரிசை எனலாம். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் களத்துமேட்டில் நின்று தொகுத்திருந்தால் வரிசை வேறாக அமைந்திருக்கும். வரிசை மாறினால் பொருள்விளக்கமும் மாறும் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கருத்து.

ஆங்கிலத்தில் ‘பீட்’

ஒப்பீட்டுக்கு ஆங்கிலத்தின் ‘பீட்’ என்னும் சொல் பயன்படும். கோக்கும் சிறு உருண்டைக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயர் இது. இதன் பழைய பொருளோ உருண்டையோடு தொடர்பற்றது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலவடிவம் ‘வேண்டுதல்’ என்று பொருள்பட்டது. அதற்கு உறவான செருமானியச் சொல்லாகிய ‘கெபேட்’ இன்றும் வேண்டுதலையே குறிக்கிறது. செபங்களைக் கணக்கிட மாலையின் உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளும் வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் பரவியபோது, எண்ணப்பட்ட செபத்தின் பெயர் எண்ணுதற்கு உதவிய உருண்டைக்கு மாறியது. மாலை உருட்டுவதைக் குறிக்க அம்மொழியில் வழங்கும் ‘டெல்’ என்னும் வினைக்கும் ‘எண்ணுதல்’ என்பதே பழம்பொருள். வங்கியில் பணத்தை எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அதன் எச்சம்.

ஆக, ஆங்கிலத்தில் செயலின் பெயர் பொருளுக்குச் சென்றது. தமிழில் அவ்வாறு நிகழவில்லை. காவிரிப் படுகையில் மூன்று சமயத்தார் மாலை உருட்டுகின்றனர். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களின் சைவ மரபில் உருத்திராக்க மணி. வைணவர்க்குத் துளசி மணியும் தாமரை மணியும். நாகூர்ப் பகுதி இசுலாமியர் வழக்கில் தஸ்பீஹ் மணி. வேளாங்கண்ணிக்குச் செல்லும் கத்தோலிக்கர் கையில் செபமாலை மணி. செபம், உரு, திக்ரு என வேண்டுதலின் பெயர் சமயந்தோறும் வேறுபடுகிறது. கையில் நகர்வதன் பெயர் மட்டும் மாறவில்லை. அச்சொல் எந்தச் சமயத்தின் செயலையும் தன்னுள் ஏற்கவில்லை. 108, 99, 59 என மாலைக்கு மாலை எண்ணிக்கை வேறுபடினும் ‘மணி’ அவ்வெண்ணிக்கையின் அலகாக நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு தாவரப் பெயரையும் நோக்கலாம். குன்றிமணிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் ‘ஏப்ரஸ் பிரிகடோரியஸ்’. இதன் இரண்டாம் உறுப்புக்கு ‘வேண்டுதலுக்குரியது’ என்பது பொருள். அவ்விதைகளைச் செபமாலையாகக் கோக்கும் வழக்கமே காரணம். ஐரோப்பியர் கண்ணுக்குச் செபமாகத் தோன்றிய அதே விதை, தமிழர்க்குப் பொன் நிறுக்கும் எடையாக இருந்தது. “குந்துமணித் தங்கம்கூட இல்லை” என்று வறுமையைச் சொல்லும் பேச்சுவழக்கில் அவ்வெடை இன்றும் உயிரோடிருக்கிறது.

வேர் பற்றிய விவாதம்

‘மணி’ வடசொல்லா, தென்சொல்லா என்னும் விவாதம் நெடியது. இருக்கு வேதத்திலேயே இச்சொல் காணப்படுகிறது. இலத்தீனின் ‘மோனிலே’, பழைய நார்வேயத்தின் ‘மென்’ ஆகிய கழுத்தணிப் பெயர்களோடு இதனை இணைத்து, ‘கழுத்து’ என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததாக ஒப்பியலார் கொள்வர். பிடரியைக் குறிக்கும் வடமொழி ‘மன்யா’ இவ்வினத்தைச் சார்ந்தது. இவ்விளக்கத்தில் நாவளை ணகரம் எவ்வாறு தோன்றிற்று என்பது தனியே விளக்கம் வேண்டுவது. தென்சொல் எனக் கொள்வோர், கழுவுதல், ஒப்பனை செய்தல் முதலிய பொருள்களையுடைய ‘மண்ணுதல்’ என்னும் தமிழ்வினையை வேராகக் காட்டுவர். இவ்வாறாயின் மணியாவது மாசு நீக்கி மெருகிடப்பட்ட கல்.

இரு தரப்பும் கவனிக்காத ஒரு முரண் இதில் உள்ளது. வடமொழி வேர் விலைமதிப்புள்ள கல்லுக்கு இட்டுச் செல்லவில்லை. கழுத்தில் சுற்றிய கோவைக்கு இட்டுச் செல்கிறது. தமிழ் வேரே கல்லுக்கு இட்டுச் செல்கிறது. பேரகராதியோ வடமொழி வேரைக் காட்டிவிட்டு, தமிழ் வேருக்குப் பொருந்தும் பொருள்வரிசையைப் பின்பற்றுகிறது. வேர் எம்மொழியது என்பதில் செலவான ஆற்றலில் ஒரு பகுதியேனும் பொருள் எவ்வாறு கிளைத்தது என்பதில் செலவாகியிருக்கலாம். வேர் எதுவாயினும், கதிர்மணி, ஒலிமணி, நேரமணி ஆகிய கிளைகள் தென்னகத்தில் தழைத்தவை. வடமொழியில் ஒலிக்கும் மணிக்கு ‘கண்டா’ என்னும் வேறு சொல் வழங்குகிறது. தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் மணிக்கும் நேரத்திற்கும் முறையே ‘கண்ட’, ‘கண்டெ’ என அதன் வழிவந்த வடிவங்களையே கொண்டுள்ளன. தமிழும் மலையாளமும் இவ்விரண்டுக்கும் ‘மணி’ என்கின்றன, நெல்லுக்கும் அவ்வாறே. மலையாளத்தின் ‘நென்மணி’யும் தமிழின் ‘நெல்மணி’யும் ஒரே ஆக்கம். ஆதலின் இக்கிளைகளை ஆராய்வதற்கு வேர்ப் பூசல் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கதிரும் மணியும்

நெல்மணி என்பதை ‘மணிபோன்ற நெல்’ என்று உவமைத்தொகையாக விரிப்பது பள்ளி இலக்கண வழக்கம். காவிரிப் படுகையின் வேளாண் வழக்கு இவ்விரிவுக்கு இடந்தரவில்லை. பயிர் கதிர்விட்டுப் பூத்தபின் ‘பால் பிடிக்கும்’. பின்னர் ‘மணி பிடிக்கும்’. அதன்பின் ‘மணி முற்றும்’. இத்தொடர்களில் உவமை இல்லை. பயிர் வளர்ச்சியின் ஒரு நிலைக்கு உழவர் வழங்கும் பெயரே ‘மணி’. அந்நிலையை அடையாதவற்றுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. உள்ளீடு இல்லாதது பதர். அரைகுறையாக விளைந்தது கருக்காய். விளையாமல் வீணான பயிர் சாவி. அரிசியாகக் குத்தும்போது உடைந்தால் குருணை, நொய். சோறாக வெந்தபின் அதற்கு மணி என்னும் பெயர் இல்லை, அது பருக்கை. இலையில் ஒட்டிய ஒன்றைப் ‘பருக்கை’ என்பார்களேயன்றி ‘மணி’ என்னார். இச்சொற்களை ஒருங்கு வைத்து நோக்கின், உள்ளீடு நிறைந்த, உடையாத, தனித்து எண்ணத்தக்க ஒன்றே மணி எனப் பெயர்பெறுவது விளங்கும்.

நெல் உருண்டையன்று என்பதையும் இங்கே அழுத்திக் கூறவேண்டும். சீரகச் சம்பாவின் நெல் சீரகத்தைப் போல ஒடுங்கியது, அதுவும் மணியே. ‘மணி’க்கு உருண்டை வடிவம் இன்றியமையாத இலக்கணமாயின் இவ்வழக்கு தோன்றியிருக்காது. மறுபுறம், உருண்டு திரண்ட பாக்கையோ எலுமிச்சையையோ எவரும் மணி என்பதில்லை. நெல்லை மணியாக்குவது கதிரில் அது நிற்கும் நிலை. ஒரு காம்பின் கிளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக, தொட்டும் தொடாமலும், ஒரே அளவில் நிரல்பட நிற்கும் தானியத்தொகுதி கோத்த சரத்துக்கு ஒப்பானது. கதிரே சரம், மணி அதன் அலகு.

இலக்கண நோக்கிலும் இதற்குச் சான்று உண்டு. ‘நெல்’ என்பது தொகுதியைச் சுட்டும் பெயர். அதை முகப்பர், அளப்பர், கொட்டுவர். ஒன்றாக எடுத்துக் காட்ட வேண்டின் ‘ஒரு மணி நெல்’ என்றே சொல்லவேண்டும். தொகுதிப் பெயரை எண்ணத்தக்கதாக மாற்றும் அலகுச்சொல்லாக ‘மணி’ இங்குச் செயற்படுகிறது. ‘மணிமணியாக’ என்னும் அடுக்கும் இதனையே காட்டும். ‘மணிமணியான கையெழுத்து’ என்றால் எழுத்துகள் விலையுயர்ந்தவை என்பது கருத்தன்று. ஒவ்வோர் எழுத்தும் தனித்து, நிறைவுற்று, வரிசையில் நிற்கிறது என்பதே கருத்து.

நவீன வேளாண் அறிவியல் தமிழும் இவ்வழக்கை ஏற்றுக்கொண்டது. 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பணி சார்ந்த எழுத்துகளில் ‘ஆயிரம் மணி எடை’ என்பது இரகங்களை ஒப்பிடும் அளவை. கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிச் ‘சாவித்திரி’ எனப்பட்ட சி.ஆர். 1009 இரகம் தமிழகத்தில் ‘பொன்மணி’ என்று பெயர்பெற்றது. கொள்முதல் நிலையத்திற்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்னும் விதியோடு, முதிராத மணி, சுருங்கிய மணி, நிறம் மாறிய மணி ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. அறுவடைக் காலத்து மழையில் நனைந்த நெல்லைச் சாலையோரம் உலர்த்தி நிற்கும் உழவர்க்கு ‘மணி’ என்பது அணிந்துரைச் சொல்லன்று. விலையைத் தீர்மானிக்கும் அலகு. இவ்வாறு வாழும் ஒரு பொருளை அகராதியில் இரத்தினத்தின் நிழலாகக் காட்டுவது பொருந்தாது.

தஞ்சைக் கோயிற் சுவரின் கணக்கு

கருவூல மணியும் களத்து மணியும் ஒரே இடத்தில் பதிவான ஆவணமாகத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் விளங்குகின்றன. முதலாம் இராசராசன் (985–1014) காலத்து இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ச் பதிப்பித்தார். இறைவனுக்கு அளித்த நகைகளின் பட்டியலில் முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எனப் பலவாறு வகைப்படுத்தப்பட்டுள்ளன. முழு வட்டம், ஏறத்தாழ வட்டம், கரடுமுரடானது, இரண்டு ஒட்டியது என, உருண்டையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே இவ்வகைப்பாட்டில் பெரிதும் கருதப்படுகிறது. உருண்டைத் தன்மைக்கு இத்தனை நுட்பமான சொற்கள் வேண்டியிருந்தன என்பதே, அந்நுட்பத்தை ‘மணி’ என்னும் பொதுச்சொல் தாங்கவில்லை என்பதற்குச் சான்று.

நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும், பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும் பெயர். அதே ஆடவல்லான் என்னும் பெயர் கோயிலுக்கு நெல் அளந்த மரக்காலுக்கும் உண்டு. எடையலகுகளோ விதைகள்: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் சிவந்த விதைகள். கழஞ்சு என்னும் பெயரைக் கழற்சிக்காயோடு தொடர்புபடுத்துவர். சங்ககால மகளிர் ஆடிய கழங்கும் அக்காயே. (கிரேக்கத்தில் ஒரு மரவிதையின் பெயராக இருந்ததே அரபு வழியாக ‘காரட்’ ஆயிற்று என்பதை நினைத்தால், இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று.) சில நகைகளின் எடையைக் கூறுமிடத்துச் சரடு நீங்கிய எடையா, அரக்கு உட்பட்ட எடையா என்பதையும் கல்வெட்டு குறிக்கிறது. கோவையிலிருந்து சரட்டை மனத்தளவில் உருவி எடுத்து, எஞ்சியதைக் கணக்கிடும் நுட்பம் இது. வேள்விக்குடியிலோ திருவையாற்றிலோ களத்தில் கதிரடித்துத் தாளை நீக்கி மணியை அளப்பவர்க்கும் இதுவே வேலை.

கோவை, மாலை, மணி: பாட்டியல் சான்று

‘மணி’யின் அலகுப் பொருளுக்கு வலுவான இலக்கியச் சான்று சிற்றிலக்கியப் பெயர்களில் உள்ளது. இரட்டைமணிமாலை வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி இருபது செய்யுளால் வருவது; காரைக்காலம்மையார் பாடிய திருவிரட்டை மணிமாலை இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. மும்மணிக்கோவை ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை என்னும் மூன்றும் முறையே சுழன்று முப்பது செய்யுளாய் அந்தாதித்து நடப்பது. நான்மணிமாலையில் நால்வகைச் செய்யுள் நாற்பதாக வரும். குமரகுருபரரின் திருவாரூர் நான்மணிமாலை காவிரிப் படுகைத் தலம் ஒன்றைப் பாடியது.

இப்பெயர்களை ‘மூன்று இரத்தினங்களால் ஆன கோவை’, ‘நான்கு இரத்தினங்களால் ஆன மாலை’ என விளக்குவது பாடநூல்களில் பெருவழக்கு. இவ்விளக்கத்தில் கணக்கு இடறுகிறது. மும்மணிக்கோவையில் மணிகள் மூன்றல்ல, முப்பது. மூன்று என்பது வகை. ஒரு வகை மணி மூன்று இடத்திற்கு ஒருமுறை திரும்ப வருவதே இவ்விலக்கிய வகையின் அமைப்பு. அந்தாதி அதன் சரடு. முப்பதாம் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் தொடக்கத்தோடு மண்டலிக்கும்போது கோவை முடிச்சிடப்படுகிறது. இரத்தினம் என்று கொண்டால் ஒவ்வொரு செய்யுளின் தனிமதிப்பு முன்னிற்கும்; கோக்கும் மணி என்று கொண்டால் அச்செய்யுளின் இடம் முன்னிற்கும். திறனாய்வாளர் பலர் இத்தகைய நூல்களிலிருந்து சிறந்த வெண்பாக்களைத் தனியே எடுத்துப் பாராட்டிவிட்டு, அகவலிலிருந்து வெண்பாவுக்கும் வெண்பாவிலிருந்து கலித்துறைக்கும் ஓசை மாறும் இடங்களைப் பற்றி ஒன்றும் கூறாமல் விடுவதற்கு, பெயரை இரத்தினமாகப் படித்ததும் ஒரு காரணமாகலாம். இந்நூல்களின் இன்பம் பெரும்பாலும் அம்மாற்றங்களில் உள்ளது. நீண்ட அகவல் தளர்ந்து முடிந்தவுடன் வெண்பாவின் நான்கடி இறுக்கம் வருவதும், அதன்மேல் கலித்துறையின் எழுத்தெண்ணிய நடை வருவதும் பாட்டுக்குப் பாட்டு செவிக்குப் புலப்படும் திட்டமிட்ட வேறுபாடுகள்.

குமரகுருபரரின் மற்றொரு நூலில் இவ்விரு பொருளும் எதிரெதிர் நிற்கின்றன. பண்டார மும்மணிக்கோவை தருமபுரம் மாசிலாமணி தேசிகர்மேல் பாடப்பட்டது. ஆசிரியர் பெயரிலுள்ள மணி குற்றமற்ற இரத்தினம். நூற்பெயரிலுள்ள மணி கோவையில் நிற்கும் அலகு.

பதினெண்கீழ்க்கணக்கு நூலாகிய நான்மணிக்கடிகையில் அலகு மேலும் சிறுக்கிறது. விளம்பி நாகனார் செய்யுள்தோறும் நான்கு கருத்துகளை அமைத்தார். அங்கே ஒவ்வொரு கருத்தும் ஒரு மணி. ஓரிடத்தில் செய்யுள் மணியாகவும் மற்றோரிடத்தில் செய்யுளின் உள்ளே அமைந்த கூற்று மணியாகவும் நிற்கின்றன. பொருள் மாறினும் உறவு மாறவில்லை. மேகலை, காஞ்சி முதலிய இடையணிகளை அவற்றின் கோவை எண்ணிக்கையால் வேறுபடுத்தும் உரைமரபும் இவ்வுறவையே அடிப்படையாகக் கொண்டது.

மணிப்பிரவாளம்: முத்தா, மாணிக்கமா?

‘மணி’க்குக் கொள்ளும் பொருள் ஓர் இலக்கியக் கொள்கையையே மாற்றும் என்பதற்கு மணிப்பிரவாளம் தெளிவான சான்று. பிரவாளம் பவளம் என்பதில் ஐயமில்லை. மணி எது? தமிழ் இலக்கிய வரலாறுகளில் ‘முத்தும் பவளமும் கலந்து கோத்தாற்போல’ என்னும் விளக்கமே பெரிதும் வழங்குகிறது. வெண்மையும் செம்மையும் அடுத்தடுத்து நிற்பதால் இரு மொழியின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும் என்பது இதன் உட்கிடை. இந்நடையைப் புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் இவ்விளக்கத்தையே கைக்கொண்டனர். புகழ்ந்தோர்க்கு அது வண்ணக் கலவை. இகழ்ந்தோர்க்கு ஒட்டாத கலப்பு.

கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த லீலாதிலகம் மணியை மாணிக்கம் என்கிறது. மாணிக்கமும் பவளமும் சிவப்பு. ஆகவே இரண்டையும் ஒரே இழையில் கோத்தால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. நாட்டுமொழியும் வடமொழியும் அவ்வாறு இயைந்து நிற்பதே மணிப்பிரவாளம் என்பது அந்நூலின் கொள்கை. முத்து என்றால் வேற்றுமை, மாணிக்கம் என்றால் ஒருமை. ஒரு சொல்லின் பொருளை மாற்றி ஒரு நடையின் இலக்கணத்தையே தலைகீழாக்க முடிகிறது.

தமிழில் இச்சொல்லை இலக்கணத்துள் கொணர்ந்த 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. வடவெழுத்து இடையிடையே விரவின் விரவியல் என்றும், வடசொல் விரவி எதுகையின்றி வரின் மணிப்பிரவாளம் என்றும் அது பகுக்கிறது. சோழர் அவையைச் சார்ந்த புத்தமித்திரர்க்கு முதன்மையாகத் தோன்றியது, எழுத்தா சொல்லா எது அலகு என்பதே. நிறம் பற்றிய விவாதத்தைவிட இவ்வகைப்பாடே உருவகத்துக்கு அணுக்கமானது என்று கருத இடமுண்டு. லீலாதிலகத்தின் வாதமும் கோத்தபின் என்ன தோன்றும் என்பதையே சார்ந்திருக்கிறது; தட்டில் தனித்தனியே கிடக்கும் மாணிக்கமும் பவளமும் ஒன்றாகத் தோன்றுவதில்லை. இரு விளக்கத்திலும் இழை முற்கோளாக உள்ளது. அரங்கத்து வைணவ உரைகளைப் படிப்போர் இழை எது என்று வினவலாம். ஈட்டின் தொடர்களில் வடமொழிப் பெயர்களைக் கோத்து நிற்கும் வேற்றுமை உருபும் வினைமுற்றும் பெரும்பாலும் தமிழாகவே இருப்பதை நோக்கின், விடை தொலைவில் இல்லை.

பொருந்தாத மணிகள்

மேற்கூறிய கருத்து ‘மணி’யின் எல்லாப் பொருளையும் விளக்கிவிடாது. முதலாவது விலக்கு நிறம். சங்க இலக்கியத்தில் ‘மணி’ பலவிடத்தும் நீலமணி. மயிலுக்கும் மலைக்கும் கடலுக்கும் அது நிற உவமை. திருமால் மணிவண்ணன் ஆவதும், நஞ்சுண்டவன் மணிமிடற்றன் ஆவதும், கண்ணின் கரும்பாவை கண்மணி ஆவதும் இவ்வழியில். இங்கே சரமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ‘மணிகண்டன்’ என்னும் பெயர் சிவனைக் குறிக்கும்போது நிறத்தையும், ஐயப்பனைக் குறிக்கும்போது கழுத்தில் கட்டிய அணியையும் சுட்டுவது, இவ்விரு வழிகளும் ஒரு பெயரில் சந்தித்த இடம்.

இரண்டாவது, ஒலி ஒப்புமையால் மயக்கும் சொற்கள். கொடும்பாளூர்க் கல்வெட்டுகளிலும், இன்றைய தாய்லாந்தின் தகுவாபாத் தமிழ்க் கல்வெட்டிலும் காணும் வணிகக்குழுப் பெயராகிய ‘மணிக்கிராமம்’ மணி வணிகரைக் குறிப்பதாகச் சிலர் எழுதுவர். ‘வணிக்கிராமம்’ என்பதன் திரிபாக அதனைக் கொள்வதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. இதனை ‘மணி’யின் பதிவில் சேர்ப்பதற்கில்லை.

விலை குறைந்த மணிகளின் நிலை வேறு. பாசிமணியும் கருகமணியும் இரத்தினத்தின் போலிகளாகக் கருதப்படுவது வழக்கம். தொல்லியல் இதற்கு மாறாகப் பேசுகிறது. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்த தொழிற்கூடத்தின் தடயங்கள் உள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்த கொடுமணலில் படிகம், சூதுபவளம், நீலக்கல் முதலியவற்றை அறுத்துத் துளையிட்டதற்குச் சான்றுகள் கிடைத்தன. துளையிடுதலே கல்லை மணியாக்கிய இறுதிச்செயல் என்பதை, துளை முற்றுப்பெறாமல் கைவிடப்பட்ட கற்கள் காட்டுகின்றன. இன்று தஞ்சைப் பேருந்து நிலையத்தில் நரிக்குறவர் கோத்து விற்கும் பாசிமணி அத்தொழிலின் தொடர்ச்சியில் நிற்பது. இரத்தினத்தைப் பார்த்துச் செய்த பிற்காலப் போலியன்று. மணிப்புறாவுக்கு அப்பெயர் வந்ததும், அதன் பின்கழுத்துப் புள்ளிகள் கோத்த பாசிபோல் தோன்றுவதாலேயே.

இக்கருத்துக்கு மிகவும் இடர்ப்பாடாய் நிற்பது ஒலிக்கும் மணி. நேரப்பொருளில் சிக்கல் இல்லை. ‘பத்து மணி’ என்பது பத்துமுறை அடித்த ஓசையின் எண்ணிக்கை. அங்கே அலகுப்பொருள் தெளிவாக உள்ளது. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் ‘கிளாக்’ என்பதும் முன்னர் ஒலிமணியின் பெயரே. ஆனால் ஒலிக்கும் கருவி எவ்வாறு மணியாயிற்று? யானை, குதிரை, தேர் ஆகியவற்றில் சரமாகக் கட்டிய சிறுமணிகளே முன்னோடி என்றும், பரல் பெய்த உருண்டைச் சதங்கை இடைநிலை என்றும் ஊகிக்கலாம். சங்கப் பாடல்களில் யானையின் இருபுறமும் தொங்கும் மணி அடிக்கடி வருகிறது. ஆயின் அது இரண்டே, சரமன்று. திருவாரூரில் கல்தேராக நினைவுகூரப்படும் மனுநீதிச் சோழன் வரலாற்றில் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியும் தனி மணியே. கன்றை இழந்த பசு ஒருமுறை அசைத்ததும் அரசன் எழுந்து வந்தான். எத்தனை முறை ஒலித்தது என்று எவரும் எண்ணவில்லை. (அம்மணியின் பெயரிலுள்ள ‘ஆராய்ச்சி’ முறைகேட்டலைக் குறித்தது, இன்று அது பல்கலைக்கழகங்களுக்குப் பெயர்ந்துவிட்டது.) தனித்துத் தொங்கும் பெருமணிக்கும் கோத்த சிறுமணிக்கும் இடைப்பட்ட பெயர்மாற்றம் எப்போது, எதன்வழி நிகழ்ந்தது என்பதைச் சங்கச் சொல்லடைவுகளில் மணியோடு வரும் வினைகளைத் தொகுத்துப் பார்ப்பதே தெளிவாக்கும்: ஒலித்தல், இரட்டல், கோத்தல், கழுவுதல், புனைதல் ஆகியவற்றுள் எது எப்பொருளோடு வருகிறது என்னும் பட்டியல் அதற்குத் தேவை.